எண்ணூரில் பறவை பார்க்க எந்த நேரம் சரி?

தண்டையார்பேட்டை அப்பா:
ஐப்பசி பிறந்தால் வலசைப் பறவைகள் வந்துவிடும் என்றார்கள். போன ஞாயிறு பையனைக் கூட்டிக்கொண்டு பத்து மணிக்கு எண்ணூர் முகத்துவாரம் போனேன், தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது, தூரத்தில் நாலு கொக்கு, அவ்வளவுதான். பையன் முகம் வாடிவிட்டது. நேரம் தப்பா, இடம் தப்பா?

கழிமுகம்:
நேரம்தான் சார். ஏத்தத்தில், அதாவது கடல் தண்ணீர் ஏறி நிற்கும்போது, சேறு மூழ்கிவிடும், சேற்றில் இரை தேடும் உள்ளான் போன்ற கரைப்பறவைகளுக்குத் தீனி கிடைக்காது. வத்தம், அதாவது தண்ணீர் இறங்கி நிற்கும் நேரம் பார்த்துப் போங்கள், இரண்டுக்கும் நடுவே சுமார் 6 மணி நேரம். தண்ணீர் மறுபடி ஏறத் தொடங்கும்போது பறவைகளைக் கரைப்பக்கம் தள்ளிக்கொண்டு வரும், அதுதான் நல்ல நேரம். போன வாரம் ஒரு கோட்டான் (ஆந்தை இல்லை, அதே பெயருள்ள கரைப்பறவை) வளைந்த நீள அலகைச் சேற்றில் முழுசாகச் செருகி நண்டை இழுத்து, கால்களை உதறி உதறிப் பிய்த்துவிட்டு விழுங்கியதை அரை மணி நேரம் அசையாமல் பார்த்தேன். பக்கத்திலேயே கொசு உள்ளான்கள், சுமார் 25 கிராம் உடம்பு, சைபீரியாவின் வடகோடியிலிருந்து பறந்து வந்தவை!

மீஞ்சூர்க்காரி:
காலையில் கடல் பக்கம் நின்று மேற்கே பாருங்கள், வெயில் முதுகில் விழும், நிறம் தெளிவாகத் தெரியும். பூநாரைக்குப் பழவேற்காடு போகணும், கும்மிடிப்பூண்டி ரயிலில் பொன்னேரி இறங்கினால் பஸ் இருக்கிறது. ஆனால் கூட்டமாகப் பார்க்க மார்கழி, தை ஆகட்டும். 2023 டிசம்பர் எண்ணெய்க் கசிவில் எண்ணூர்க் கூழைக்கடாக்கள் இறகு கறுத்து நின்றது இன்னும் கண்ணிலேயே இருக்கிறது, அதனால் அங்கே ஒவ்வொரு பறவையைப் பார்க்கும்போதும் மனசு நிறைகிறது.

தண்டையார்பேட்டை அப்பா:
ரொம்ப நன்றி. அமாவாசையை ஒட்டிப் போகலாமா?

கழிமுகம்:
தாராளமாக. அப்போது வத்தம் இன்னும் கீழே இறங்கும், சேறு நிறையத் திறக்கும்.