புதுப்பிப்பு: விசாகப்பட்டினத்தில் பணிநேரம் போக மிஞ்சிய பொழுதுகள்

அலுவலகப் பணிக்காக நான்கு நாள் விசாகப்பட்டினம் செல்கிறேன், மாலைகளிலும் ஞாயிறு காலையிலும் எவற்றைப் பார்க்கலாம் என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். பலரும் அரக்குப் பள்ளத்தாக்கைச் சொன்னீர்கள். போய்வர முழு நாள் வேண்டும் என்பதால் நகரைச் சுற்றியே இருந்துவிட்டேன், அதில் எனக்கு வருத்தமே இல்லை.

முதல் மாலை, ராமகிருஷ்ணா கடற்கரையில் 2002 முதல் அருங்காட்சியகமாக நிற்கும் ஐ.என்.எஸ். குர்சுரா நீர்மூழ்கிக் கப்பலைப் பார்த்தேன். சோவியத் நாட்டில் கட்டப்பட்டு 1969இல் நம் கடற்படையில் சேர்ந்து, 2001இல் ஓய்வு பெற்ற கப்பல் அது. ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்குச் செல்ல, வட்டமான சிறு வாயிலில் முதலில் ஒரு காலை நுழைத்து, தலையைத் தாழ்த்தி, பிறகுதான் உடலை உள்ளே இழுத்துக்கொள்ள முடிகிறது. டார்பிடோ குழாய்களை ஒட்டியே அடுக்குப் படுக்கைகள் இருப்பதைக் கண்டு, கடலுக்கடியில் அங்கே உறங்கி எழுந்தவர்களை நினைத்தபடி வெகுநேரம் நின்றேன்.

ஞாயிறன்று, வெயில் ஏறுமுன், பீமுனிப்பட்டினம் செல்லும் சாலையிலுள்ள தொட்லகொண்டா பௌத்த மடத்துக்குச் சென்றேன். மழைநீரைத் தேக்கப் பாறையில் வெட்டிய தொட்டிகளே அம்மலைக்குப் பெயர் தந்தன. நம் 'தொட்டி'யை அங்கே தெலுங்கில் கேட்டபோது மனம் நெகிழ்ந்தது. அந்த மேட்டிலிருந்து கடலைப் பார்க்கையில், துறவிகள் ஏன் இவ்விடத்தைத் தேர்ந்தார்கள் என்று எவரும் விளக்கத் தேவையில்லை.

பணிக்காகச் செல்வோர் கவனத்துக்கு: குர்சுரா மாலையிலும் திறந்திருக்கும், திங்கட்கிழமை விடுமுறை.