லாம்டா 1.05-ஐத் தாண்டினால் சுருக்கம் அனுப்பாதே என்றவருக்கு

கைவர்க்கம்: பிராந்திய மரபணு நோய்ப்பரவியல் கூட்டத்துக்கு ஆய்வுச் சுருக்கம் அனுப்புவோருக்கு ஓர் அறிவுரை சுற்றிக்கொண்டிருக்கிறது: "லாம்டா 1.05-ஐத் தாண்டினால் உங்கள் ஜீவாஸ் குப்பை." ஜீவாஸ் என்பது நோயோடு தொடர்புள்ள இடங்களை டிஎன்ஏ முழுக்கத் தேடும் ஆய்வு; லாம்டா என்பது அதன் சோதனை மதிப்புகள் எதிர்பார்த்ததைவிட எவ்வளவு வீங்கியிருக்கின்றன என்று காட்டும் எண், வீக்கமே இல்லை என்றால் 1. யார் போட்ட கோடு இது? ஆள் கூடக் கூட லாம்டாவும் ஏறும். 6,000 நோயாளி, 6,000 கன்ட்ரோல் (நோயில்லாதவர்) வைத்து 1.12 வந்தால், ஆயிரத்துக்கு ஆயிரம் என்று இறக்கிப் பாருங்கள். 0.12-ஐ ஆறால் வகுத்தால் 0.02, ஆக 1.02. அதே 1.12 ஐந்நூறுக்கு ஐந்நூறில் வந்தால் 1.24, அப்போது அலறுங்கள், நானும் சேர்ந்து அலறுகிறேன்.

பிளிங்க்_பிச்சை: எழுதியது நான்தான். 1.05 என்றால் 1.05. ஸ்ட்ராட்டிஃபிகேஷனால், அதாவது நோயாளிகளும் கன்ட்ரோலும் வெவ்வேறு வம்சாவளிக் கலப்பாக இருப்பதால், வரும் வீக்கமும் ஆள் எண்ணிக்கையோடு சேர்ந்தே வளரும். ஆறால் வகுக்கும்போது அதையும் சேர்த்துத்தான் மறைக்கிறீர்கள். 1988-ல் அமெரிக்கப் பழங்குடியினரான பிமா மக்களின் ஜிஎம் ஹாப்லோடைப் (சேர்ந்தே கடத்தப்படும் மரபணு வடிவங்களின் கட்டு) கதை தெரியுமல்லவா? சர்க்கரை நோயிலிருந்து காப்பதுபோல் தெரிந்தது. ஐரோப்பிய வம்சாவளி எவ்வளவு என்று பிரித்துப் பார்த்ததும் காணாமல் போனது.

கைவர்க்கம்: பிமாவை இழுக்காமல் உங்களுக்கு ஒரு வாதமும் நகராது போல. அங்கே சோதித்தது ஒரே ஒரு மரபணு அடையாளக் குறி. நாம் பேசுவது லட்சக்கணக்கான எஸ்என்பிகளின் (டிஎன்ஏ-வில் ஆளுக்கு ஆள் ஓர் எழுத்து மாறும் இடங்கள்) சோதனை மதிப்பான கை வர்க்கத்தின் (χ²) இடைநிலையை 0.455-ஆல் வகுத்த எண். நோயில் ஆயிரக்கணக்கான சிறு விளைவுகள் இருந்தால், ஒரு துளி கலப்பு இல்லாவிட்டாலும் அந்த இடைநிலை ஏறும். 2011-லேயே காட்டியாயிற்று. 2015-ல் எல்டி ஸ்கோர் ரிக்ரெஷன் வந்தது இதைப் பிரிக்கத்தான்: ஒரு எஸ்என்பி அக்கம்பக்கத்து எஸ்என்பிகளோடு எவ்வளவு சேர்ந்து வருகிறது என்பதே எல்டி ஸ்கோர்; கை வர்க்கம் அதோடு சேர்ந்து ஏறினால் பாலிஜெனிக் (பல சிறு விளைவுகள்), இன்டர்செப்ட் (கோடு தொடங்கும் மதிப்பு) ஒன்றுக்கு மேல் நின்றால் கலப்பு. அந்த இன்டர்செப்டும் பெரிய மாதிரியில் கொஞ்சம் ஏறும் என்பதால் விகிதம் போடுங்கள்: இன்டர்செப்டில் ஒன்றைக் கழித்து, சராசரி கை வர்க்கத்தில் ஒன்றைக் கழித்து, முன்னதைப் பின்னதால் வகுக்க வேண்டும். 1.05-ஐ மட்டும் பிடித்துத் தொங்குபவருக்கு இது புரிய நாளாகும்.

இன்னொன்று. 1.05-க்குக் கீழே கொண்டுவருவது சின்னப் பிள்ளை வேலை. மைனர் அல்லீல் (ஓர் இடத்தில் குறைவாகக் காணப்படும் மரபணு வடிவம்) இருபது பேரிடம்கூட இல்லாத அரிய வேரியன்ட்களை வடிகட்டாமல் அள்ளிப் போட்டு வால்ட் டெஸ்ட் என்ற புள்ளியியல் சோதனையை ஓட்டுங்கள். பாதி எஸ்என்பிகளின் மதிப்பு அமுங்கிப்போகும், இடைநிலை இறங்கும், லாம்டா 0.99. உங்கள் கோட்டில் அது தங்கம்.

ஓரக்கண்: ஆக, குப்பையாக இருந்தாலும் 0.99 என்றால் மேடை உண்டு. நல்ல கூட்டம்.

பிளிங்க்_பிச்சை: எல்டி ஸ்கோரை எந்தப் பேனலில் (ஒப்பிட வைத்துக்கொள்ளும் மரபணுத் தரவுத் தொகுப்பு) எடுத்தீர்கள்? ஐரோப்பியத் தரவை அப்படியே இறக்கி ஓட்டியிருப்பீர்கள். பேனல் பொருந்தாவிட்டால் சாய்வு தட்டையாகி இன்டர்செப்ட் வீங்கும். உலக மக்களின் மரபணுத் தரவைத் திரட்டிய ஆயிரம் ஜீனோம் திட்டத்தில் தெற்காசியத் தொகுதி ஐந்துதான். அதில் இலங்கைத் தமிழர் மாதிரி எடுத்ததே பிரிட்டனில். அகமண வழக்கமுள்ள குழுக்களின் எல்டி அதில் எங்கே இருக்கிறது? 5,000-க்குக் குறைவான ஆள் என்றால் இன்டர்செப்டின் பிழை வரம்பே உங்கள் வாதத்தை விழுங்கிவிடும். அதனால்தான் 1.05.

கைவர்க்கம்: "அதனால்தான் 1.05"-ஆ? எதனால்? மேலே சொன்னதில் எந்த வரியிலிருந்து 1.05 பிறந்தது?

அல்லீல்_அக்கா: இரண்டு பேரும் லாம்டாவையே நக்கிக்கொண்டிருங்கள். நோயாளிகளை ஒரு பிளேட்டிலும் (ஆய்வகத் தட்டு) கன்ட்ரோலை வேறு பிளேட்டிலும் ஏற்றினால் சில நூறு எஸ்என்பிதான் கெடும்; லட்சக்கணக்கில் இடைநிலை அதைக் கண்டுகொள்ளவே கொள்ளாது. முடிவுகளின் உச்சியில் வந்து நிற்பதோ அதே சில நூறுதான். 2010-ல் நீண்ட ஆயுள் பற்றிய ஆய்வுக்கட்டுரை வந்து, ஜீனோடைப்பிங் சிப் வேறுபாட்டுப் பிரச்சினையில் சிக்கி 2011-ல் திரும்பப் பெறப்பட்டதே! காலியிட விகிதம் (ஜீனோடைப் படிக்க முடியாமல் போனவர்களின் பங்கு) இரு பக்கமும் ஒன்றா என்று எஸ்என்பி வாரியாகப் பாருங்கள். ஏ/டி, சி/ஜி எஸ்என்பிகளில் அல்லீல் விகிதம் 0.4-க்கும் 0.6-க்கும் நடுவே இருந்தால் டிஎன்ஏ-வின் எந்த இழை என்று சொல்லவே முடியாது, தூக்குங்கள். உச்ச எஸ்என்பிகளின் கிளஸ்டர் படத்தை (சிப் சமிக்ஞைகளைப் புள்ளிகளாக இட்டது)க் கண்ணால் பாருங்கள். அப்புறம் சண்டை போடலாம்.

கைவர்க்கம்: அக்கா சொன்னது சரி. ஆனால் அதுவும் என் பக்கம்தான். லாம்டா 1.00 இருந்தாலும் கெட்டது கெட்டதுதான்.

அல்லீல்_அக்கா: நான் யார் பக்கமும் இல்லை. பிசிஏ-வுக்கு (வம்சாவளி வேறுபாட்டைச் சில அச்சுகளாகச் சுருக்கும் கணக்கு; ஒவ்வோர் அச்சும் ஒரு பிசி) முன்னால் ஆறாம் குரோமோசோமில் நோயெதிர்ப்பு மரபணுக்கள் நெருங்கியிருக்கும் எம்எச்சி பகுதியை நீக்கினீர்களா என்று ஒருவரும் சொல்லவில்லை. நீக்காவிட்டால் ஏதாவதொரு பிசி வம்சாவளியைக் காட்டாமல் எம்எச்சி-யைக் காட்டிக்கொண்டு நிற்கக்கூடும்.

பிளிங்க்_பிச்சை: போன கூட்டத்தில் கேள்வி நேரம் முழுவதையும் ஹார்டி-வைன்பெர்க் சோதனையிலேயே (எதிர்பார்த்த ஜீனோடைப் விகிதத்திலிருந்து விலகும் எஸ்என்பிகளை வடிகட்டுவது) தின்று தீர்த்தவர் யாரென்று எல்லாருக்கும் தெரியும், கைவர்க்கம் அண்ணே.

கைவர்க்கம்: தின்றேன், இப்போதும் தின்பேன். எஃப் (உறவுத் திருமணத்தின் அளவைக் காட்டும் கெழு) 0.0625 என்றால் 6,000 கன்ட்ரோலில் எதிர்பார்க்கும் கை வர்க்கம் 23-க்கு மேல். பி மதிப்பு பத்தின் மைனஸ் ஆறாம் அடுக்கு என்ற வடிகட்டிக் கோடு 24-ஐ ஒட்டி நிற்கிறது. நல்ல எஸ்என்பிகளில் கிட்டத்தட்டப் பாதி உங்கள் வடிகட்டியில் போகும். ஹெட்டிரோசைகோட் (இரு அல்லீலும் வேறானவர்) குறைவு எல்லா இடத்திலும் இருந்தால் அது ஜீனோடைப்பிங் பிழை அல்ல, உறவுத் திருமணம்.

பிளிங்க்_பிச்சை: 0.0625 என்பது அத்தை மகன், மாமன் மகள் கட்டிக்கொண்ட ஒரு தம்பதியின் பிள்ளைக்கு. அதை மொத்த மாதிரிக்கும் சராசரியாக்கிவிட்டீர்களா? 0.02 வைத்துப் போடுங்கள். 2.4 வரும். கிட்டத்தட்ட எதுவும் போகாது.

ஓரக்கண்: ஒருவருக்குப் பாதி போகிறது, ஒருவருக்கு எதுவுமே போகவில்லை. ஒரே வடிகட்டி!

கைவர்க்கம்: 0.02 எங்கே கிடைத்தது? ஹோமோசைகஸ் நீட்சிகளை (இரு பிரதியும் ஒன்றாகவே இருக்கும் டிஎன்ஏ துண்டுகள்) எத்தனை மெகாபேஸுக்கு (பத்து லட்சம் எழுத்து) மேல் எண்ணினீர்கள்?

பிளிங்க்_பிச்சை: 1.5.

கைவர்க்கம்: 1.5-ஆ! அந்த நீளத்தில் பழைய அகமணமும் நேற்றைய கல்யாணமும் கலந்துதான் வரும். 5 வைத்து ஓட்டிவிட்டு வாருங்கள், பிறகு பேசுவோம்.

பிளிங்க்_பிச்சை: நீங்கள் 5-ல் ஓட்டி எண்ணை இங்கே ஒட்டுங்கள். கூடவே கட்டளை வரியையும்.