சிட்னி ஓபரா மாளிகை: வரைபடத்தின் அழகும் கட்டுமானத்தின் கணக்கும்

கேள்வி:
சிட்னி ஓபரா மாளிகைக்கான 1957ஆம் ஆண்டு வடிவமைப்புப் போட்டியில் வென்ற டென்மார்க் கட்டடக் கலைஞர் யோர்ன் உட்சோனின் படங்களில், சிப்பி வடிவக் கூரைகளின் வளைவுக்குத் திட்டவட்டமான வடிவியல் வரையறை இருக்கவில்லை என்று படித்தேன். கட்ட இயலுமா என்றே உறுதியாகாத வடிவத்தைத் தேர்ந்தெடுத்தது முறையா? பொறியாளர்கள் அதை எவ்வாறு சாத்தியமாக்கினார்கள்?

மறுமொழி 1:
ஓவ் அருப் நிறுவனத்தின் பொறியாளர்கள் பரவளைவு, நீள்வட்டம் எனப் பல வடிவங்களை ஆராய்ந்தபோதும், ஒவ்வொரு கூரையும் வெவ்வேறு வளைவுடன் இருந்ததால், கான்கிரீட் வார்க்கும் ஒரே அச்சை மீண்டும் மீண்டும் பயன்படுத்த வழி கிடைக்கவில்லை. எல்லாக் கூரைகளையும் சுமார் 75 மீட்டர் ஆரமுள்ள ஒரே கோளத்தின் துண்டுகளாக அமைக்கலாம் என்ற தீர்வு 1961இல் பிறந்தது. கோளத்தின் வளைவு எங்கும் ஒன்றே என்பதால், கான்கிரீட் விலாக்களைப் பகுதி பகுதியாக முன்கூட்டியே வார்த்து, மேலே தூக்கி இணைக்க முடிந்தது. முதல் படங்களிலிருந்த தாழ்வான, மெலிந்த வளைவு இதனால் நிமிர்ந்துவிட்டது. எனக்கு இப்போதுள்ள வடிவமே பிடித்திருக்கிறது.

மறுமொழி 2:
வடிவத்தைவிட அவசரத்தையே நான் குறை சொல்வேன். கூரையின் வடிவமைப்பு முடிவாகும் முன்பே, 1959இல், அடித்தளப் பணி தொடங்கப்பட்டது. பின்னர் கூரையின் எடையைத் தாங்குவதற்காகத் தூண்களை மாற்றிக் கட்ட நேர்ந்தது. தொடக்கத்தில் 70 லட்சம் டாலர் என்று மதிப்பிடப்பட்ட செலவு 10.2 கோடி ஆஸ்திரேலிய டாலரில் முடிந்தது. அரசுடன் ஏற்பட்ட பூசலால் 1966இல் உட்சோன் விலகினார். 1973இல் நடந்த திறப்பு விழாவில் அவர் இல்லை.

கேள்வி கேட்டவர்:
அப்படியானால், போட்டி முடிந்ததும் வடிவியலை ஆராய ஓரிரு ஆண்டுகள் ஒதுக்கியிருந்தால், இதே கட்டடத்தைக் குறைந்த செலவில் பெற்றிருக்கலாம் என்றே தோன்றுகிறது.