1/32 ரெசின் குதிரைவீரர்: ஆள் சேணத்தில் உட்கார மறுக்கிறார், பிரைமர் சொரசொரப்பு. உதவி தேவை

காட்பாடி54:
பாகங்களை ஒட்டி பெயின்ட் அடிக்கும் பொம்மை கிட், 54 மி.மீ. (நிஜத்தில் 32இல் ஒரு பங்கு), ரெசினில் (பிளாஸ்டிக் மாதிரி வார்ப்புப் பொருள்) செய்தது. பாயும் குதிரை, ஓங்கிய வாளோடு 19ஆவது லைட் டிராகூன் (பிரிட்டிஷ் குதிரைப்படை) வீரர். 1806 ஜூலை 10 காலையில், வேலூர் சிப்பாய்ப் புரட்சியை அடக்க, பிரிட்டிஷ் அதிகாரி கில்லெஸ்பியோடு ஆற்காட்டிலிருந்து வேலூர் கோட்டைக்கு வந்த படையாகச் செய்ய எண்ணம். வீரரை சேணத்தில் வைத்தால் அடியில் ஒரு மி.மீ. இடைவெளி. குதிரைக்கு மதியம் மாடியில் ஸ்ப்ரே பிரைமர் (பெயின்டுக்கு முந்தைய அடிப்பூச்சு) அடித்ததில் விலாப் பக்கம் உப்புத்தாள் மாதிரி ஆகிவிட்டது. வாள் வேறு வளைந்திருக்கிறது. சட்டைக்குச் சிவப்புதானே?

தூரிகை_ஆம்பூர்:
பிரைமரை முதலில் பார்ப்போம். வெயிலில், அதுவும் தூரத்திலிருந்து அடித்தால் துளி காற்றிலேயே காய்ந்து பொடியாகத்தான் போய் ஒட்டும். நம்ம ஊர் சித்திரை வைகாசியில் காலை எட்டு மணிக்கு மேல் ஸ்ப்ரே டப்பாவைத் தொடாதீர்கள். நிழலில், 15 முதல் 20 செ.மீ. தூரத்தில், கையை நகர்த்திக்கொண்டே மெல்லிய பூச்சாக இரண்டு முறை போதும். ஐப்பசி மழையில் இதற்கு நேர் எதிர்ச் சிக்கல்: ஈரக்காற்றில் மேட் வார்னிஷ் (பளபளக்காத மேல்பூச்சு) வெள்ளை பூக்கும்.

இப்போது இருப்பதை 1000 நம்பர் தண்ணீர்த் தாளால் (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) ஈரத்தோடு லேசாகத் தேயுங்கள். பிடரி, வார் பக்கம் தாள் நுழையாது, பழைய டூத் பிரஷ் போதும். விரல் நகத்தால் சுரண்டினால் பிரைமர் தோலாக உரிகிறதா? அப்படியானால் வெயில் மட்டும் காரணமில்லை, அச்சிலிருந்து வந்த எண்ணெய் போகவில்லை. முழுக்க எடுத்துவிட்டு, பாத்திரம் கழுவும் சோப்பு போட்டு வெதுவெதுப்பான நீரில் கழுவி, ஒரு நாள் காயவிட்டு மறுபடி அடியுங்கள்.

ராணிப்பேட்டை_டிராகூன்:
சிவப்பு இல்லை தம்பி. சிவப்பு என்றால் கோட்டைக்குள் இருந்த பிரிட்டிஷாரின் 69ஆவது காலாட்படை. இந்தியாவில் இருந்த லைட் டிராகூன்களுக்கு ‘பிரெஞ்ச் கிரே’, அதாவது நீலம் கலந்த வெளிர் சாம்பல். 19ஆவதுக்குக் காலரும் கைமடிப்பும் மஞ்சள். வெள்ளை 6 சொட்டு, நடுத்தர சாம்பல் 2, அடர்நீலம் 1 என்று தொடங்கி, ஒரு காகிதத்தில் காயவிட்டுப் பாருங்கள். அக்ரிலிக் காய்ந்ததும் சற்றுக் கருக்கும். நிழலுக்கு அதே கலவையில் நீலத்தைக் கூட்டுங்கள். கறுப்பைச் சேர்த்தால் துணி அழுக்காகத் தெரியும்.

இப்போது சேணம். இடைவெளியைப் பார்த்ததும் பட்டி வைத்து அடைக்கிறார்கள், அதுதான் கெடுக்கிறது. ஆள் குதிரைமேல் மிதப்பார், அங்கவடியும் பாதத்துக்கு எட்டாது. எங்கே இடிக்கிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். சேணத்தில் லிப்ஸ்டிக் மெல்லியதாகத் தடவி, வீரரை அழுத்தி எடுங்கள். சிவப்பு ஒட்டிய இடம்தான் முட்டுகிற இடம். பெரும்பாலும் தொடையின் உட்புறமாக இருக்கும், அடியில் இருக்காது. அதை மட்டும் அரத்தால் சீவி, மறுபடி தடவிப் பாருங்கள். தொடை குறுகலாக வார்க்கப்பட்டிருந்தால் கொதித்து இறக்கிய நீரில் அரை நிமிடம் வைத்து, மெல்ல விரித்து, குதிரைமேல் பிடித்தபடியே குளிர்ந்த நீரில் விடுங்கள். வாளையும் அதே முறையில் நிமிர்த்தலாம். (ரெசினுக்குப் பதில் வெள்ளை உலோகத்தில், அதாவது வெள்ளீயக் கலவையில் வார்த்த கிட்டுக்கு இது பலிக்காது.)

மயிரிழை இடைவெளி மிஞ்சினால் சேணத்தில் வாஸ்லின் தடவி, வீரரின் அடியில் எம்-சீல் கொஞ்சம் வைத்து அழுத்துங்கள். ஓர் இரவு இறுகியதும் கழற்றினால் அச்சு எடுத்தது போல் பொருந்தும். வாஸ்லினைச் சோப்பால் கழுவாமல் பெயின்ட் அடிக்காதீர்கள்.

காட்பாடி54:
நன்றி அண்ணா, தொடையில்தான் முட்டுகிறது. ஒட்டிவிட்டுப் பெயின்ட் அடிக்கவா? கடிவாள வாருக்கு ஆம்பூர் தோல் சீவல் கிடைக்கும், ஆகுமா?

ராணிப்பேட்டை_டிராகூன்:
ஒட்டாதீர்கள். ஒட்டினால் சேண விரிப்பின் மேற்புறத்துக்குத் தூரிகை போகாது. வீரருக்கு அடியில் 1 மி.மீ. துளை போட்டு, நிமிர்த்திய பேப்பர் கிளிப் கம்பியைச் செருகித் தனியாகப் பிடித்து அடியுங்கள். அதே கம்பி பிறகு சேணத்துக்குள் இறங்கும். குதிரை நிற்கும் பின்னங்காலுக்கும் குளம்பு வழியாக ஒரு கம்பி கட்டாயம். இல்லாவிட்டால் மூடிய அலமாரிச் சூட்டில் ரெசின் கால் மெல்ல மடங்கும்.

தூரிகை_ஆம்பூர்:
எங்க ஊர் தோலை நானே வேண்டாம் என்கிறேன். அரை மி.மீ. சீவல்கூட 1/32இல் 16 மி.மீ. தடிமன், வண்டி மாட்டுக்குக்கூட அப்படி வார் கிடையாது. சாதாரண ஜெராக்ஸ் தாள் 0.1 மி.மீ., அதுதான் சரியான அளவு. 0.8 மி.மீ. அகலத்துக்கு நறுக்கி, இருபுறமும் பெயின்ட் அடித்து, வீரரை ஒட்டிய பிறகு கடைசியாகக் கட்டுங்கள். ஃபெவிக்விக் வேண்டாம், அதன் ஆவி பட்டு முடித்த பெயின்ட் வெளுக்கும். வெள்ளைப் பசை போதும்.

குதிரைக்கு: ஆரஞ்சு கலந்த பழுப்பு அக்ரிலிக், காய்ந்ததும் ஓவியர் டியூபில் வரும் பர்ன்ட் அம்பர் (அடர் பழுப்பு) எண்ணெய் வண்ணம் மெல்லியதாக. கால் மணி நேரம் கழித்து மேக்கப் ஸ்பாஞ்சால் ஒற்றி எடுத்தால் தசை மேடுகள் வெளிச்சமாகும், பள்ளத்தில் கருமை நிற்கும். பிடரி, வால், முழங்காலுக்குக் கீழே கறுப்பு. எண்ணெய் நன்றாகக் காயும்வரை அதன்மேல் அக்ரிலிக் போகக் கூடாது.

காட்பாடி54:
வாள் நீளம் அளந்தேன், அலகு மட்டும் 22 மி.மீ. குறைவா?

ராணிப்பேட்டை_டிராகூன்:
குறைவுதான். 1796 மாதிரி லைட் கேவல்ரி வாளின் அலகு சுமார் 33 அங்குலம், 1/32இல் 26 மி.மீ. வரவேண்டும். பித்தளைக் கம்பியைச் சுத்தியால் தட்டையாக்கி, முனையை அகலமாக விட்டு அரத்தால் வளைவு கொடுங்கள். கைப்பிடி கிட்டில் உள்ளதே இருக்கட்டும்.