தென்னையில் சுருள் வெள்ளை ஈ: கடையில் மருந்து கட்டு என்கிறார்கள், பயிற்சிக்குப் போனவர் வேண்டாம் என்கிறார்

கச்சான்காற்று:
உச்சிப்புளி பக்கம் ஒன்றரை ஏக்கர் தென்னை, மணல் பூமி. மாசி பிறந்ததிலிருந்து அடி மட்டைகள் எல்லாம் கரி பூசியது போலக் கிடக்கின்றன. ஊடே நிற்கும் வாழையிலும் பிசுபிசுப்பு. மரத்தடியில் கொடி கட்டித் துணி காயப்போட முடியவில்லை என்று அம்மா தினமும் ஏசுகிறார். உரக்கடையில் வேரில் மருந்து கட்டச் சொல்கிறார்கள், அதாவது வேர் நுனியைச் சீவி மருந்துப் பைக்குள் விட்டுக் கட்டினால் மரமே உறிஞ்சிக்கொள்ளுமாம். வேளாண் பல்கலைக்கழகத்தின் அறிவியல் நிலையப் பயிற்சிக்குப் போய் வந்த பக்கத்துத் தோப்பு மாமாவோ, "ஒன்றும் அடிக்காதே, சும்மா விடு" என்கிறார். மரம் கறுத்துக்கொண்டே போகும்போது சும்மா இருக்கச் சொல்லவா ஒரு பல்கலைக்கழகம்?

தோப்புக்காரன்:
எங்கள் பக்கம் போன வருடம் ஆள் வைத்து அடித்தார்கள். கொஞ்ச நாள் நன்றாக இருந்தது. அப்புறம் முன்னைவிட அதிகமாக வந்தது. காசுதான் போச்சு.

மண்டபம் பெரியவர்:
தம்பி, "அடிக்காதே" என்பது அந்தப் பயிற்சியில் முதல் வரி. மாமா அதோடு டீ குடிக்க எழுந்து போய்விட்டார் போல. நான் கடைசி வரை உட்கார்ந்திருந்தேன், சொல்கிறேன்.

அந்தக் கறுப்பு தென்னைக்கு வந்த நோய் இல்லை. ஈ கழிக்கிற இனிப்புத் திரவத்தில் வளரும் கரும்பூசணம். 2016இல் பொள்ளாச்சிப் பக்கம் தென்பட்ட ஈ இது. காயைக் குறைக்கும், மரத்தைச் சாகடிக்காது. அதனால் பதற வேண்டாம்.

முதலில் ஓர் அடி மட்டையை வெட்டி இலையைப் புரட்டிப் பாருங்கள். கையில் ஒரு லென்ஸ் இருக்கட்டும். வெள்ளைப் பஞ்சுக்கு நடுவே காலிக் கூடுகள் ஒட்டியிருக்கும். ஈ வெளியேறிய கூட்டில் நீளவாக்கில் பிளவு தெரியும். ஊசியால் குத்தியது போல வட்ட ஓட்டை இருந்தால், உள்ளேயிருந்து வந்தது என்கார்சியா. ஈயின் குஞ்சுக்குள் முட்டையிட்டு அதைத் தின்று வளரும் குளவி. பெயர்தான் குளவி, ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது, யாரையும் கொட்டாது. மருந்தடித்தால் இதுதான் முதலில் சாகும். தோப்புக்காரன் சொன்ன கதை அப்படித்தான் நடக்கிறது.

வேரில் கட்டுவது இன்னும் மோசம். கட்டினால் 45 நாள் காய் வெட்டக் கூடாது. ராமேசுவரம் சாலையில் இளநீர் விற்கிறவர் யார் அத்தனை நாள் காத்திருக்கப் போகிறார்?

சும்மாவும் இருக்க வேண்டாம். மஞ்சள் பாலித்தீன் தாளில் விளக்கெண்ணெய் தடவி ஏக்கருக்கு எட்டுப் பத்து இடத்தில் ஆறடி உயரத்தில் கட்டுங்கள், ஈ வந்து ஒட்டிக்கொள்ளும். நம்ம ஊர்க் காற்றுக்கு இரண்டே நாளில் தாள் முழுக்க மணல் அப்பிவிடும். தோப்பின் உள்பக்கமாகக் கட்டி, அடிக்கடி துடைத்து மறுபடி எண்ணெய் தடவ வேண்டும். இதை எந்தக் கையேட்டிலும் போடவில்லை. கரும்பூசணத்துக்கு, லிட்டர் தண்ணீருக்கு 25 கிராம் மைதாவைப் பசையாகக் காய்ச்சிக் கரைத்து இலைமேல் தெளித்தால், காய்ந்ததும் கரியோடு சேர்ந்து உரிந்து விழும். வட்ட ஓட்டையே கண்ணில் படாவிட்டால் அந்த என்கார்சியா குளவியைக் கேட்டு வாங்குங்கள். ஆழியாறு நகர் தென்னை ஆராய்ச்சி நிலையத்தில் வளர்த்துக் கொடுக்கிறார்கள். குளவி பொரியாமல் இருக்கும் கூடுகளோடு இலைத்துண்டுகள் வரும். அதை உங்கள் மட்டையில் ஊசி குத்தி மாட்டிவிட்டால் போதும்.

கச்சான்காற்று:
பார்த்துவிட்டேன் அண்ணே. மகளின் பள்ளிக்கூட லென்ஸ்தான். ஓர் இலையில் பாதிக்கு மேல் வட்ட ஓட்டை! மருந்து வாங்கவில்லை. மைதா மட்டும் அடிக்கிறேன், அம்மாவுக்காக. இன்னொன்று, நயினார்கோவிலில் மாமனார் முண்டு மிளகாய் போட்டிருக்கிறார். இலை சுருளுகிறது. அதற்கும் மஞ்சள் தாள்தானா?

கரிசல்காட்டுப் பெண்:
அதற்கு நான் சொல்கிறேன். முண்டு மிளகாய்தான் எங்கள் பிழைப்பு. சுருள்வது எந்தப் பக்கம் என்று பார்க்காமல் பதில் இல்லை. ஓரம் மேல்நோக்கி மடங்கினால் இலைப்பேன். அதற்கு நீலத் தாள். கீழ்நோக்கி, கவிழ்த்த தோணி மாதிரி மடங்கிக் காம்பு நீண்டால் மஞ்சள் முரணைச் சிலந்தி. சிலந்திக்கு எட்டுக் கால், பூச்சி இனமே இல்லை. கடையில் "சுருட்டைக்கு மருந்து" என்று கேட்டு வாங்கி அடித்தால், சிலந்தியைத் தின்னும் நல்ல பூச்சிகள் செத்து, அது பெருகுவதும் உண்டு. மாமனாரிடம் சொல்லி நுனி இலையைப் படமெடுத்துப் போடச் சொல்லுங்கள். அடிப்பக்கமும் தெரியட்டும்.