பழைய வெள்ளி ரூபாயை கிரேடிங்குக்கு அனுப்பலாமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்

கரூரான்:
அப்பத்தா பெட்டியில் கொஞ்சம் விக்டோரியா, ஜார்ஜ் வெள்ளி ரூபாய்கள் கிடைத்தன. எல்லாவற்றையும் கிரேடிங் பண்ணி, அதாவது தரம் பார்க்கும் நிறுவனத்திடம் மதிப்பெண் வாங்கி, மூடிய பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்துவிட்டால் விலை எங்கேயோ போகும் என்கிறான் பங்காளி ஒருவன். அனுப்பியவர்களும் வேண்டாம் என்று விட்டவர்களும் எழுதுங்களேன்.

செட்டிநாட்டுக் காசு:
தம்பி, முதலில் விளிம்பைப் பாருங்கள். எங்கள் பக்கம் வீட்டுப் பெட்டியிலிருந்து வரும் ரூபாய்களில் பல, ஒரு காலத்தில் மாலையில் கோத்துக் கழுத்தில் கிடந்தவை. ஆசாரி கொக்கியை எவ்வளவு நேர்த்தியாக எடுத்து அராவியிருந்தாலும் லென்ஸில் பற்றவைத்த தடம் தெரிந்துவிடும். சென்னைக் கண்காட்சி ஒன்றில் டப்பாவில் இருந்த 1862 ராணி ரூபாய் ஒன்றைப் பார்த்தேன். முகம் அவ்வளவு தெளிவு. ஆனால் டப்பாவில் இருந்த சீட்டில் மதிப்பெண்ணே இல்லை. 'டீட்டெய்ல்ஸ்' (அசல்தான், ஆனால் பழுதுபட்டது), கொக்கி எடுக்கப்பட்டது என்று குறிப்பு மட்டும். பக்கத்தில் டப்பா இல்லாமல் கிடந்த ரூபாயைவிட அதற்குப் பெரிதாக ஒன்றும் கூடுதல் விலை இல்லை.

அடுத்தது தேய்ப்பு. சாமி அறையில் இருந்த காசு என்றால் விபூதி போட்டோ புளி போட்டோ தேய்த்திருப்பார்கள். நம் கண்ணுக்கு அது பளபளப்பு. தரம் பார்ப்பவருக்கு அது காயம். காசை விளக்கடியில் சாய்த்துத் திருப்புங்கள். அச்சிலிருந்து வந்த மினுமினுப்பு என்றால் ஒளி வட்டமாகச் சுற்றி வரும். தேய்த்த காசில் மெல்லிய கீறல்கள்தான் தெரியும்.

மதிப்பெண் 1 முதல் 70 வரை. அமெரிக்காவின் பழைய பெரிய செம்புக் காசுகளுக்காக 1949-ல் ஷெல்டன் என்பவர் வகுத்த அளவு, இன்று எல்லா நாட்டுக் காசுக்கும் அதுதான். 60-ம் அதற்கு மேலும் வந்தால் புழங்காத காசு. ராணியின் கன்னமும் தலைமுடியும் மழுங்கியிருக்கிறதா? எளிதில் கிடைக்கும் ஆண்டாகவும் இருந்தால் விட்டுவிடுங்கள். கட்டணம், கூரியர், காப்பீடு சேர்த்தால் அதுவே கிட்டத்தட்ட இன்னொரு ரூபாயின் விலை.

பினாங்கு ராஜா:
இங்கே மலேசியாவில் கதை வேறு. நான் சொல்வது 1895 முதல் 1935 வரை அடித்த பிரிட்டிஷ் வர்த்தக டாலர், அதாவது நின்ற கோலத்தில் பிரிட்டானியா இருக்கும் காசு. பெரும்பகுதி பம்பாயில் அடித்ததுதான். போலி அவ்வளவு மலிந்து கிடக்கிறது. எடை 26.95 கிராம் இருக்க வேண்டும். சந்தையில் கைக்கு வந்த ஒன்றைத் தராசில் வைத்தால் 23-ஐத் தாண்டவில்லை. நான் இந்த டாலரை டப்பாவில் இருந்தால்தான் வாங்குவேன். மதிப்பெண் எனக்குப் பெரிதில்லை, அசல் என்ற உறுதிக்குத்தான் காசு கொடுக்கிறேன்.

செட்டிநாட்டுக் காசு:
ராஜா சொல்வது நம் 1939 ஜார்ஜ் ரூபாய்க்கும் பொருந்தும். வெளியே வந்தது மிகக் குறைவு, அதனால் 1938-இன் கடைசி 8-ஐச் சுரண்டி 9 ஆக்கிவிடுகிறார்கள். அசல் உலோகம், அசல் எடை, எண் மட்டும் பொய். தராசு இதைக் காட்டிக்கொடுக்காது. 1939 என்று ஒன்று கிடைத்தால் யோசிக்காமல் கிரேடிங் பண்ணுங்கள்.

நெல்லை வக்கீல்:
ஒன்றை யாருமே சொல்லவில்லை. 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டு தாண்டிய காசு தொல்பொருள். தனி ஆள் அதை நாட்டுக்கு வெளியே அனுப்பக் கூடாது. காசுகளுக்குத் தரம் பார்க்கும் என்ஜிசி, பிசிஜிஎஸ் இரண்டுமே அமெரிக்க நிறுவனங்கள். விக்டோரியா, எட்வர்ட் ரூபாய்களைப் பார்சல் கட்டும் முன், தரம் பார்ப்பது எந்த நாட்டில் என்று, காசை வாங்கி அனுப்பும் ஏஜென்ட்டிடம் எழுத்தில் வாங்குங்கள். "அதெல்லாம் நான் பார்த்துக்கிறேன் சார்" என்று என் கட்சிக்காரர் ஒருவரிடம் ஒரு ஏஜென்ட் சொன்னார். எழுதித் தரச் சொன்னதும் போனை எடுப்பதையே நிறுத்திவிட்டார்.

கரூரான்:
நன்றி அண்ணன்களே. பிரித்துப் பார்த்துவிட்டேன். பாதிக்குமேல் கொக்கி வைத்தவைதான். ஒரு 1911 மட்டும் விளிம்பு சுத்தமாக இருக்கிறது, எடை 11.6 கிராம். காசில் ஜார்ஜ் மன்னரின் உடுப்பில் இருக்கும் யானைக்குத் துதிக்கை குட்டையாக இருக்கிறதே?

செட்டிநாட்டுக் காசு:
அதுதான் பன்றி ரூபாய்! யானை பன்றி மாதிரி இருக்கிறது என்று எதிர்ப்பு கிளம்பி, 1912-ல் அச்சையே மாற்றினார்கள். வெளியே விடாமல் வைத்திருந்ததைப் பெரும்பாலும் உருக்கிவிட்டார்கள். வக்கீல் சொன்னது இதற்கும் பொருந்தும், நூறு தாண்டிய காசு. இரு பக்கமும் விளிம்பும் தெரிய பகல் வெளிச்சத்தில் படம் எடுத்துப் போடுங்கள், பிளாஷ் வேண்டாம். துணியால்கூடத் துடைக்காதீர்கள்.