பழைய ஃபேர்லேடி இசட்: கனெக்டர்களைக் கழுவினால் போதுமா, மாற்றத்தான் வேண்டுமா?

செந்தூல் இசட்:

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் 1990-ஆம் ஆண்டு நிஸ்ஸான் ஃபேர்லேடி இசட் கார் ஒன்று இருக்கிறது. இசட்32 வகை, டர்போ இல்லாத 3 லிட்டர் வி6 என்ஜின். காலையில் எடுக்கும்போது எந்தக் குறையும் தெரிவதில்லை. மாலை நெரிசலில் கோலாலம்பூரின் ஜாலான் துன் ரசாக் சாலையில் ஊர்ந்து வந்து, எங்காவது நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஸ்டார்ட் செய்தால்தான் என்ஜின் திணறுகிறது. புகையில் பச்சைப் பெட்ரோல் வாடை அடிக்கிறது, ஐட்லிங் (வண்டி நிற்கும்போது என்ஜின் ஓடும் வேகம்) ஏறி இறங்குகிறது. மழை நாள்களில் இது இன்னும் மோசமாகிறது.

என்ஜின் கம்ப்யூட்டரில் உள்ள திருகைத் திருப்பி, சிவப்பு விளக்கின் மினுக்கல்களை எண்ணியபோது ஒருமுறை 13 என்று வந்தது. அது கூலண்ட் வெப்பச் சென்சாரின் சுற்றைக் குறிக்கும் என்று அறிகிறேன். அதை அழித்துவிட்டு ஓட்டினால், குறையில்லை என்பதற்கான 55 மட்டுமே வருகிறது. பட்டறையில் சென்சாரைப் புதிதாக மாற்றினார்கள். சில காலம் நன்றாக ஓடிவிட்டுப் பழைய நிலைக்கே வந்துவிட்டது.

இப்போது ஒருவர் வயர்களை இணைக்கும் செருகிகளான கனெக்டர்கள் எல்லாவற்றையும் மணல்தாளால் தேய்க்கச் சொல்கிறார். இன்னொருவர் குத்துவிளக்கைத் துலக்குவதுபோல எலுமிச்சைச் சாறு போட்டால் போதும் என்கிறார். மூன்றாமவர் ஹாஃப்கட் (உதிரிப் பாகங்களுக்காகப் பாதியாக வெட்டி விற்கும் பழைய) வண்டியிலிருந்து முழு வயரிங்கையும் எடுத்து மாற்றிவிடச் சொல்கிறார். எதைக் கொண்டு கழுவுவது, எந்த நிலையில் கழுவுவதை நிறுத்தி மாற்றுவது, கடைசியில் கிரீஸ் தடவலாமா என்று அனுபவமுள்ளவர்கள் கூறினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பூச்சோங் மல்டிமீட்டர்:

கழுவுவதற்கு முன்பு அளந்துவிடுங்கள். கழுவிய பிறகு அளந்தால் குறை எங்கே இருந்தது என்பதற்கான தடயமே போய்விடும்.

அந்தச் சென்சார் சூடேற ஏற மின்தடை குறையும் வகையைச் சேர்ந்தது. 20 பாகை செல்சியஸில் சுமார் 2.1 முதல் 2.9 கிலோ ஓம், 50 பாகையில் 0.68 முதல் 1.0 கிலோ ஓம், 80 பாகையில் 0.3 கிலோ ஓமுக்குச் சற்று மேல் என்பதே அதன் இயல்பான அளவு. இப்போது கனெக்டரின் உள்ளே ஆக்ஸைடு படிந்து 500 ஓம் கூடுதலாகச் சேர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். 80 பாகையில் கொதிக்கும் என்ஜினைக் கம்ப்யூட்டர் 50 பாகை என்று எண்ணிக்கொண்டு, குளிர்ந்த என்ஜினுக்குக் கொடுக்கும் கணக்கில் பெட்ரோலை அள்ளி ஊற்றும். 13 என்ற குறி பெரும்பாலும் சுற்று அறுந்தாலோ ஷார்ட் ஆனாலோதான் பதிவாகும். 50 பாகை என்பது நடக்கக்கூடிய வெப்பம்தானே, அதைக் கம்ப்யூட்டர் ஏன் சந்தேகிக்கப் போகிறது? சென்சாரை மாற்றியதும் சில காலம் நன்றாக ஓடியதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். கழற்றி மாட்டியபோது பின்கள் உரசி, படிந்திருந்தது சற்று விலகியிருக்கும்.

அளக்கும் முறை இதுதான். என்ஜின் சூடாக இருக்கும்போது சாவியை அணைத்து, பேட்டரியின் நெகடிவ் முனையைக் கழற்றிவிட்டு, கம்ப்யூட்டர் பக்கத்துப் பெரிய கனெக்டரைப் பிரியுங்கள். அங்கு வந்து சேரும் சென்சாரின் இரண்டு வயர்களுக்கிடையே உள்ள தடையை அளந்துகொண்டு, உடனே சென்சாரின் முனைகளிலேயே நேராக அளந்து ஒப்பிடுங்கள். இரண்டுக்கும் சில ஓம்களுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அது வயரிங்கிலும் கனெக்டரிலும் ஒளிந்திருக்கிறது. முதல் அளவை எடுக்கும்போது சென்சார் கனெக்டரை விரலால் மெல்ல அசைத்துப் பாருங்கள். எண் துள்ளினால் வேறு சாட்சி தேவையில்லை. மல்டிமீட்டரின் ஊசியை மட்டும் பெண் டெர்மினலின் (பின் நுழையும் உலோக முனையின்) வாய்க்குள் முன்புறமாகத் திணிக்காதீர்கள். அது வாயை அகட்டிவிடும், இல்லாத குறையை நீங்களே உண்டாக்கியதாகிவிடும். பின்புறம் வயர் நுழையும் வழியாகத்தான் தொட வேண்டும்.

விசிறி, முகப்பு விளக்கு, பெட்ரோல் பம்ப் போன்ற கூடுதல் மின்னோட்டம் செல்லும் இடங்களில் ஓம் அளவு உதவாது. மீட்டர் வயர்களின் தடையே 0.1 ஓமுக்கு மேல் இருக்கும். ஆனால் 10 ஆம்பியர் ஓடும் ஓர் இணைப்பில் 0.1 ஓம் என்றால் அங்கேயே 1 வோல்ட் இழந்து, 10 வாட் வெப்பமாகிப் பிளாஸ்டிக்கை உருக்கும். அங்கெல்லாம் மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போது இணைப்பின் இரு பக்கமும் வோல்ட் இழப்பைத்தான் அளக்க வேண்டும்.

பட்டர்வொர்த் கடற்காற்று:

தம்பி, எலுமிச்சைச் சாற்றை மட்டும் கிட்டே கொண்டுபோகாதீர்கள். களிம்பு கரைவது உண்மைதான். ஆனால் விளக்கைத் துலக்கிய பிறகு தண்ணீரில் நன்றாக அலசித் துடைக்கிறோம். கனெக்டருக்குள் அப்படி அலச முடியாது. மிஞ்சிய அமிலம் வயரின் செப்பு இழைகளுக்கிடையே ஏறி, வெளியே தெரியாமல் உள்ளுக்குள் அரித்துக்கொண்டே போகும். மணல்தாளும் அப்படித்தான், பித்தளையின் மேல் பூசிய வெள்ளீயத்தைச் சுரண்டிவிட்டால் அடுத்த மழைக்காலத்திற்குள் முன்பைவிட வேகமாகக் களிம்பு ஏறும்.

பிளாஸ்டிக்குக்கு ஊறில்லை என்று டப்பாவில் எழுதியிருக்கும் கான்டாக்ட் கிளீனர்தான் சரியானது. கோலாலம்பூரில் புடு பக்கம் ஜாலான் பசாரில் உள்ள மின்னணுப் பொருள் கடைகளில் கேட்டுப் பாருங்கள். பிரேக் கிளீனர் வேண்டாம். பழைய பிளாஸ்டிக்கை அது வெடிக்கச் செய்யலாம். கிளீனரை அடித்து, மெல்லிய நைலான் பிரஷால் தேய்த்து, மறுபடி அடித்து, முழுதாக உலர்ந்த பிறகே மாட்டுங்கள். அப்படியே என்ஜினிலும் பாடியிலும் எர்த் வயர்கள் முறுக்கியிருக்கும் இடங்களையும் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். எங்கள் பக்கத்து உப்புக்காற்றில் பாதி வண்டிகளின் நோய் அங்கேதான் இருக்கிறது. எல்லாம் முடிந்ததும் சிலிகான் கிரீஸை நிறைய அடைத்துவிட்டால் தண்ணீர் எட்டிப் பார்க்காது.

செந்தூல் இசட்:

இருவருக்கும் நன்றி. சொன்னபடியே அளந்து பார்த்தேன். சென்சாரில் நேராக அளக்கும்போது எண் அசையாமல் நிற்கிறது. கம்ப்யூட்டர் முனையில் அதைவிடப் பல நூறு ஓம் அதிகமாக இருப்பதோடு, கனெக்டரைத் தொட்டாலே எண் எகிறுகிறது. பிரித்துப் பார்த்தபோது பச்சைக் களிம்பு எதுவும் இல்லை. சென்சாரின் பின்களில் மட்டும், டெர்மினல் தொடும் இடத்தில், மிளகின் கால்வாசி அளவில் கறுப்புப் புள்ளிகள் தெரிகின்றன. இரண்டு பெண் டெர்மினல்களில் ஒன்றின் வாய் மற்றதைவிடச் சற்று அகலமாக இருப்பதுபோலவும் படுகிறது. பிளாஸ்டிக் உறையின் பூட்டு நாக்கு தொட்டவுடன் உடைந்துவிட்டது.

பூச்சோங் மல்டிமீட்டர்:

அந்தக் கறுப்புப் புள்ளிதான் நாம் தேடிய ஆள். டெர்மினலின் பிடி தளர்ந்துவிட்டால் என்ஜின் அதிர்வில் இரண்டு உலோகங்களும் கண்ணுக்குத் தெரியாத அளவில் ஓயாமல் உரசும். ஒவ்வோர் உரசலிலும் வெள்ளீயம் தேய்ந்து, ஆக்ஸைடாகி, அதே இடத்தில் பொடியாகச் சேரும். கழுவினால் பொடி போகும், ஆனால் பிடி திரும்பாது. ஆகவே உங்கள் கேள்விக்கு என் விடை: பிடி இருந்தால் கழுவுங்கள், பிடி இல்லாவிட்டால் டெர்மினலை மாற்றுங்கள். அதே அளவுள்ள ஓர் ஆண் பின்னைத் தனியாக எடுத்துப் பெண் டெர்மினலில் செருகி இழுத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் அதன் ஆயுள் முடிந்துவிட்டது. மூக்குக்குறட்டால் நசுக்கி இறுக்குவதும் உண்டு. வில்தன்மை போன உலோகத்தில் அது நிற்பது அரிது.

புதிய டெர்மினலைப் பொருத்தும்போது, சால்டர் வைப்பதைவிட உரிய கிரிம்ப் குறட்டால் அழுத்துவதையே நான் விரும்புகிறேன். ஒரு சோடி இறக்கை செப்பு இழைகளைக் கவ்வ வேண்டும், பின்னால் உள்ள சோடி வயரின் மேலுறையைக் கவ்வ வேண்டும். உருகிய சால்டர் இழைகளுக்குள் ஏறி வயரை விறைப்பாக்கிவிடும். விறைப்பு முடிகிற இடத்தில் அதிர்வினால் இழைகள் முறியும். வயரைச் சீவும்போது செம்பு கறுத்திருந்தால் பளபளப்பான இடம் வரும்வரை வெட்டிக்கொண்டே போங்கள். நீளம் போதாவிட்டால் அதே தடிமனுள்ள துண்டு ஒன்றை இணைத்து, உள்ளே பசையுள்ள, சூடாக்கினால் சுருங்கும் ஹீட் ஷ்ரிங்க் குழாயால் மூடிவிடலாம். உறை உடைந்துவிட்டதால் கனெக்டரை முழுத் தொகுப்பாகவே வாங்குங்கள். ரப்பர் சீலும் புதிதாகக் கிடைக்கும்.

கெப்போங் பழைய இரும்பு:

ஹாஃப்கட் வயரிங் வாங்கும் யோசனையைக் கைவிடுங்கள். அந்த வண்டியும் உங்களுடையதைப் போலவே முப்பது ஆண்டு வெப்பத்தைத் தின்ற வண்டிதான். பணம் கொடுத்து இன்னொரு தொகுதி நொறுங்கும் பிளாஸ்டிக்கை வாங்குவீர்கள். இசட்32-இன் என்ஜின் அறை நெருக்கமானது, சூடு வெளியேற வழி குறைவு. பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களின் கனெக்டர்கள் கம்பி கிளிப் வைத்தவையாக இருந்தால், கம்பியை முழுதாக உருவி எடுத்துவிட்டுப் பிறகு இழுங்கள்; அது பறந்துபோய் காற்று நுழையும் இன்டேக்கின் அடியில் விழுந்தால் தேடி மாளாது. என்ஜின் சற்று இளஞ்சூடாக இருக்கும்போது பிரித்தால் பிளாஸ்டிக் கொஞ்சம் வளைந்து கொடுக்கும், வயரைப் பிடித்து மட்டும் இழுக்க வேண்டாம். என்ஜினின் முன்பக்கம் உள்ள இக்னிஷன் பவர் டிரான்சிஸ்டரின் (தீப்பொறிக்கான மின்னோட்டத்தைத் திறந்து மூடும் பாகத்தின்) கனெக்டரையும் இதோடு பார்த்துவிடுங்கள், இந்த வண்டிகளில் அது பேர்போன தொல்லை.

கிரீஸ் விஷயத்தில் பட்டர்வொர்த் அண்ணனோடு நான் ஒத்துப்போகவில்லை. சிலிகான் கிரீஸ் மின்சாரத்தைக் கடத்தாது. பிடி இறுக்கமாக இருந்தால் உலோகம் அதை ஒதுக்கித் தள்ளிவிட்டுத் தொட்டுக்கொள்ளும். பிடி தளர்ந்த டெர்மினலில் நிறைய அடைத்தால் அதுவே தடுப்பாக நிற்கும். ரப்பர் சீலின் மேல் மெல்லிய பூச்சு போதும்.

பட்டர்வொர்த் கடற்காற்று:

தளர்ந்த டெர்மினலைப் பொறுத்தவரை கெப்போங் தம்பி சொல்வது சரிதான், ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் கடலோரத்தில் நிற்கும் வண்டியில், பிடி நன்றாக உள்ள எர்த் இணைப்புகளுக்கு நான் இனியும் தாராளமாகத்தான் தடவுவேன்.

செந்தூல் தம்பிக்கு இன்னொன்று. ஏர்பேக் உள்ள வண்டியாக இருந்தால் மஞ்சள் நிறக் கனெக்டர்களைக் கழுவவும் வேண்டாம், அவற்றில் மீட்டரை வைக்கவும் வேண்டாம். பேட்டரியைக் கழற்றிய பிறகும் அந்தச் சுற்றில் சிறிது நேரம் மின்சாரம் தங்கியிருக்கும். மீட்டர் ஓம் அளக்க அனுப்பும் சிறு மின்னோட்டத்தைக்கூட அங்கே அனுப்பக் கூடாது. ஸ்டியரிங் பக்கம் கை வைக்க வேண்டியிருந்தால் அதற்குரிய பட்டறையில் விட்டுவிடுங்கள்.